நோம்பி முதல் பொன்விழா வரை

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில், அணையையொட்டி எழுந்த ஊர் அமராவதி நகர். அமராவதி என்பது எதன் பெயர்? புராணிகரைக் கேட்டால் முகம் மலரச் சொல்வார், தேவேந்திரன் வீற்றிருக்கும் தலைநகரம் என்று. சங்கப் பாடல்களைப் புரட்டினாலோ அந்த ஆற்றுக்கு ஆன்பொருநை என்ற பெயர் கிடைக்கும். தாராபுரம் கடந்து, கரூர் கடந்து, காவிரியிலே கலக்கும் அதே ஆறுதான். நீர் மாறவில்லை, மணல் மாறவில்லை. பெயர் மட்டும் வானுலகத்துக்குக் குடிபோய்விட்டது.

ஆற்றுக்கு நேர்ந்தது விழாவுக்கும் நேர்ந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

திருப்பூர் வட்டாரத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு திங்களில் வந்து சேரும் அழைப்பிதழ்களை அடுக்கிப் பாருங்கள், தோழர்களே! காதணி விழா, புதுமனை புகுவிழா, மஞ்சள் நீராட்டு விழா, திருமணம், மணிவிழா. போதாக்குறைக்குப் பனியன் கம்பெனியின் வெள்ளி விழா, பள்ளிக்கூடத்தின் பொன்விழா. எல்லாம் தமிழ். நூறாண்டுகளுக்கு முன்பு இதே அடுக்கு எப்படி இருந்தது? கர்ணபூஷணம், கிரகப்பிரவேசம், ருது மங்கள ஸ்நானம், விவாஹ சுபமுகூர்த்தம், சஷ்டியப்தபூர்த்தி. அழைக்கப்பட்டவர் எதற்கு அழைக்கப்படுகிறோம் என்று தெரிந்துகொள்ளவே இன்னொருவரைக் கேட்க வேண்டியிருந்தது. இந்த மாற்றம் தானாக வந்ததன்று. போராடிப் பெற்றது. ஆயினும் பெற்றதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. பெயரோடு பொருளும் மாறிய இடம் எது, பெயர் மட்டும் மாறிய இடம் எது என்று பிரித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

வடசொல் மேலே படிவதற்கு முன் நம்மிடம் என்ன இருந்தது? கொங்குச் சீமையின் முதியவர் வாயில் விழா என்ற சொல் அவ்வளவாக வராது, பண்டிகையும் வராது, நோம்பி என்றே வரும். ஆடி நோம்பி, தீவாளி நோம்பி, மாரியம்மன் நோம்பி. பொங்கலையொட்டிப் பெண்கள் கூட்டமாகச் சென்று ஆவாரம்பூப் பறித்துக் கும்மியடிக்கும் பூப்பறிக்கிற நோம்பி. நோன்பு என்ற சொல்தான் நோம்பியாயிற்று. நோன்பென்றால் உண்ணாதிருத்தல், நோம்பியோ வயிறார உண்ணும் நாள். சொல் எப்படித் தலைகீழானது? ஆண்டு முழுதும் அரைவயிற்று நோன்பு நோற்றவன், அது முடியும் ஒரு நாளுக்கு அந்தப் பெயரையே இட்டான் போலும். இது என் ஊகம். இலக்கண ஆசிரியர் யாரும் ஒப்ப வேண்டியதில்லை.

விருந்து என்ற சொல்லும் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. விருந்து என்றால் முதலில் புதுமை. தொல்காப்பியர் புதுவகையாக யாக்கப்படும் நூலுக்கு விருந்து என்று பெயர் தருகிறார். பிறகு அது புதிதாக வந்த ஆளைக் குறித்தது. வள்ளுவரின் விருந்தோம்பல் அந்த ஆளைப் பேணுவதுதான். இன்று விருந்து என்றால் இலையில் விழுவது. வந்தவன் மறைந்து சோறு மட்டும் நின்றது. உறவினரை மட்டும் அழைத்து உறவினரோடு மட்டும் உண்பதை வள்ளுவர் விருந்து என்று ஒப்பியிருப்பாரா என்பது ஐயத்துக்குரியது.

விழவு, விழா என்பவை பழந்தமிழ்ச் சொற்கள். மணிமேகலையின் முதல் காதைக்கே விழாவறை காதை என்று பெயர். இருபத்தெட்டு நாள் இந்திர விழாவைப் புகார் நகருக்கு முரசறைந்து அறிவிக்கிறார்கள். இந்திரனுக்கு விழாவா என்று இளைஞர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சற்றுப் பொறுங்கள். தெருவைத் தூய்மை செய்யுங்கள், பந்தலிடுங்கள் என்று சொல்லும் அந்த முரசு, பல சமயத்து வாதிகளும் பட்டிமண்டபம் ஏறலாம் என்றும் சொல்கிறது. பகைவரிடத்தும் சினமும் பூசலும் வேண்டா என்கிறது. விழாவுக்கு நடுவே வாதமன்றம்! கடவுளின் பெயரால் கூடிய கூட்டத்திலும் எதிர்க்கருத்துக்கு மேடை போட்டு வைத்திருக்கிறார்கள். பொங்கல் விழாவில் பட்டிமன்றம் நடத்துகிற இளைஞர் மன்றங்கள் தெரிந்தோ தெரியாமலோ அந்தப் பழைய முரசுக்குச் செவி சாய்த்தவைதாம்.

இன்னுமொரு சொல் உண்டு. அதை வழக்கிழக்க விட்டது நமக்குப் பெருநட்டம். பெருமங்கலம். மன்னனின் பிறந்தநாளைத் தொல்காப்பியம் இப்படிக் குறிக்கிறது. செற்றம் நீக்குதலே அந்த நாளின் இலக்கணம். அன்று சிறைப்பட்டோர் விடுவிக்கப்படுவர், கொலைத்தொழில் நிறுத்தப்படும் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். பிறந்தநாள் கொண்டாடுகிறவன் பெறுவதற்காக அன்று, விடுவிப்பதற்காகக் கொண்டாடினான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிது தூரம் சென்ற பிறகு இதே கருத்து முற்றிலும் வேறொரு நாட்டில் நம்மை எதிர்கொள்ளும்.

கோயிலும் அரண்மனையும் கொண்டாட்டத்தைத் தம் கைக்குள் வாங்கிக்கொண்ட காலத்தில் விழா உற்சவமாயிற்று, வைபவமாயிற்று, பிறந்தநாள் ஜயந்தியாயிற்று. நவீன காலத்துப் பொதுக்கூட்டமும் அந்த மொழியையே உடுத்தி வந்தது. அக்ராசனர் வீற்றிருப்பார், பிரசங்கம் நடக்கும், காரியதரிசி அறிக்கை வாசிப்பார், வந்தனோபசாரத்தோடு முடியும். தலைவர், சொற்பொழிவு, செயலாளர், நன்றியுரை என்று இன்று குழந்தையும் சொல்கிறது. நமஸ்காரம் வணக்கமானது, மகாநாடு மாநாடானது. தனித்தமிழ் இயக்கம் சொல்லைக் கொடுத்தது. திராவிட இயக்கத்து மேடை அதை ஊர்தோறும் கொண்டு சென்றது. 1967இல் அண்ணா முதலமைச்சரானபின் ஸ்ரீயும் ஸ்ரீமதியும் அரசு ஏடுகளிலிருந்து விடைபெற்றன. திருவும் திருமதியும் வந்தமர்ந்தன. தீபாவளி மலருக்கு மாற்றாகப் பொங்கல் மலரை இயக்க ஏடுகள் போற்றி வளர்த்ததும் இதே வரலாற்றின் பகுதி.

ஆனால் சொல்மாற்றத்தின் உச்சம் அழைப்பிதழில் இல்லை. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, தீவலம் இல்லை. தொடர்ந்து ஆயிரக்கணக்கான இணையர் அவ்வழியில் நடந்தனர். வாழ்ந்தனர், மக்களைப் பெற்றனர். 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய திருமணம் ஒன்றைச் செல்லாது என்று தீர்த்தது. சாத்திரம் கூறும் சடங்கும் இல்லை, நெடுங்கால வழக்கமும் இல்லை என்பது காரணம். எண்ணிப் பாருங்கள். மணமக்களுக்குப் புரியாத மொழியில், மணமக்கள் சொல்லாத சொற்களை, மூன்றாம் மனிதர் ஒருவர் சொன்னால் திருமணம். மணமக்கள் தாமே தம் வாயால் தம் மொழியில் சொன்னால் அது திருமணம் ஆகாது! அந்த ஒரு தீர்ப்பு எத்தனை வீடுகளின் அமைதியைக் குலைத்திருக்கும்! சொத்துக்கு வழக்காடும் பங்காளி ஒருவன் போதும், தாயின் மணமும் பிள்ளையின் பிறப்பும் கேள்விக்குள்ளாக.

அண்ணா ஆட்சி 1967இல் கொண்டுவந்த திருத்தம் 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்னும் பிரிவு. உறவினர், நண்பர் முன்னிலையில் மூன்று வழிகளில் ஏதேனும் ஒன்று போதும்: ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாக அறிவித்தல், அல்லது மாலை மாற்றுதல் அல்லது மோதிரம் அணிவித்தல், அல்லது தாலி கட்டுதல். இவற்றுள் முதலாவதை மீண்டும் படியுங்கள். அறிவிப்பு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது தெரியுமா? இருவருக்கும் புரியும் ஏதேனும் ஒரு மொழியில்! தமிழில் என்றுகூடச் சொல்லவில்லை. புரியும் மொழியில் என்கிறது. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் அவை நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. 2023 ஆகத்தில் உச்சநீதிமன்றம் இப்பிரிவின்கீழ் நடக்கும் திருமணத்துக்கு ஊரறிந்த விழா தேவையில்லை என்றும் கூறிவிட்டது. மண்டபம் இல்லை, மேளம் இல்லை, பந்தி இல்லை. இருவர் சொல்லும் சொல் நிற்கிறது.

இங்கே கொங்கு நாட்டார் ஒருவர் எழுந்து நின்று, எங்களுக்கு இது புதிதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொங்கு வேளாளர் திருமணத்தை நடத்தி வைப்பவர் அந்தச் சமூகத்து மூத்தவரான அருமைக்காரர். குடிமகன் நின்று பாடும் மங்கல வாழ்த்து தமிழ். கம்பர் இயற்றியது என்பது அவர்கள் நம்பிக்கை. சடங்குக்குச் சீர் என்று பெயர்: மணமகனின் தங்கையோ தமக்கையோ உடனிருந்து செய்யும் இணைச்சீர், இன்னும் பல சீர்கள். புரோகிதமும் வடமொழியும் இல்லாமல் திருமணம் நடவாது என்று வாதிட்டோருக்கு இந்த மண்ணே மறுப்பாக இருந்தது.

மகிழ்கிறேன். ஆனால் முழுக்க மகிழ முடியவில்லை. அந்தத் தமிழ்ச் சீர்களிலே கை வைக்கத் தகுதி யாருக்கு? எழுதிங்கள் என்னும் சீரைச் செய்துகொண்ட பெண்களுக்கு. கணவனை இழந்தவளுக்கு அங்கே இடமில்லை. பெற்ற தாயானாலும் ஒதுங்கி நிற்க வேண்டும். மங்கல வாழ்த்தைப் பாடும் குடிமகன் அந்தப் பாட்டு முடிந்ததும் பந்தியில் எங்கே உட்கார்ந்தார் என்பதையும் கேட்டுப் பாருங்கள். சொல் தமிழாக இருந்தது. அதற்குள்ளே சாதி இருந்தது, கைம்மைக் கொடுமை இருந்தது. தமிழில் இருப்பதனாலேயே ஒன்று தூயதாகிவிடாது என்பதற்கு இந்த ஊரே சான்று.

இனி ஆண்டுக் கணக்குக்கு வருவோம். அமராவதி நகரில் 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளி 2012இல் அரை நூற்றாண்டைக் கடந்தது. ஐம்பது என்றால் பொன், இருபத்தைந்து என்றால் வெள்ளி. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

எபிரேய மறையிலே இருக்கிறது வேர். யோபேல் என்றால் ஆட்டுக்கடாவின் கொம்பு. ஏழேழு நாற்பத்தொன்பது ஆண்டுகள் சென்று ஐம்பதாம் ஆண்டு பிறந்ததும் கொம்பூதி அறிவிக்க வேண்டும். எதை? அடிமைப்பட்டவர் விடுதலையாகித் தம் குடும்பத்துக்குத் திரும்பலாம். விற்கப்பட்ட நிலம் பழைய உரியவனிடம் திரும்பும். நம்முடைய பெருமங்கலம் நினைவுக்கு வருகிறதா? கடலுக்கு அப்பால் இருந்த மக்களும் கொண்டாட்டத்துக்கு விடுவித்தல் என்றே பொருள் கண்டிருக்கிறார்கள்.

பிறகு அந்தச் சொல் எவ்வளவு தேய்ந்தது என்று பாருங்கள். 1300இல் போப்பாண்டவர் எட்டாம் போனிபேஸ் அதை ரோமாபுரிக்கு வரும் யாத்திரிகரின் பாவமன்னிப்பு ஆண்டாக்கினார். முதலில் நூறாண்டுக்கு ஒன்று, 1350இல் ஐம்பதாயிற்று, 1475 முதல் இருபத்தைந்து. இடைவெளி குறையக் குறைய யாத்திரிகர் வருகை பெருகும் அல்லவா? அங்கிருந்து அது அரண்மனைக்குப் போயிற்று. விக்டோரியாவுக்கு 1887இல் பொன் ஜூபிலி, 1897இல் வைர ஜூபிலி. அந்த 1897இல் இந்தியாவின் பல பகுதிகள் பெரும்பஞ்சத்தில் கிடந்தன. அடிமையை விடுவிக்கப் பிறந்த சொல்லைக் கொண்டு, அடிமை நாட்டில் பேரரசிக்கு வாணவேடிக்கை விட்டார்கள். 1935இல் ஐந்தாம் ஜார்ஜுக்கு வெள்ளி ஜூபிலி. இந்தப் பழக்கத்தைத்தான் வெள்ளி விழா, பொன்விழா என்று தமிழாக்கி வைத்துக்கொண்டோம். தமிழ்க் கிறித்தவர் மட்டும் யூபிலி என்று மூலத்தின் ஒலியை இன்றும் காக்கிறார்கள்.

திரையுலகம் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. ஆண்டு வாரமாகச் சுருங்கி, இருபத்தைந்து வாரம் ஓடினாலே வெள்ளி விழா. 1944இல் வந்த ஹரிதாஸ் மூன்று தீபாவளி கண்டது என்று சொல்வார்கள். நரகாசுரன் இறந்த நாளைக் கொண்டு படத்துக்கு வயது கணக்கிட்ட நாடு உலகில் வேறெங்கும் இருக்காது.

நாம் வெறுமனே மொழிபெயர்த்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேலை நாட்டாருக்குப் பவளம் முப்பத்தைந்து. நமக்குப் பவள விழா எழுபத்தைந்து. 1949இல் தோன்றிய தி.மு.க. 2024இல் கொண்டாடியது பவள விழா. இந்தக் கணக்கு நம்முடையது. சஷ்டியப்தபூர்த்திக்கு மணிவிழா என்று பெயரிட்டது அதைவிடச் சிறப்பு. வாயில் நுழையாத சொல் போய் வாய் இனிக்கும் சொல் வந்தது. ஆனால் ஏன் அறுபது? பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள் கொண்ட சக்கரம் ஒரு சுற்று முடிகிறது என்பதனால். அந்த அறுபதையும் நாரதர் பெற்ற பிள்ளைகள் என்று கதை கட்டினவர்கள் இருக்கிறார்கள்; ஆணுக்கும் ஆணுக்கும் பிறந்த ஆண்டுகளை எண்ணித்தான் தமிழன் வயதை அளக்க வேண்டுமா என்று மேடைதோறும் கேட்டோம். வியாழன் ஞாயிற்றை ஐந்துமுறை சுற்ற ஏறத்தாழ அறுபது ஆண்டு, சனி இருமுறை சுற்ற ஏறத்தாழ அறுபது ஆண்டு. சக்கரத்தின் உண்மையான அடிப்படை இந்த வானியல். ஆயிரம் பிறை கண்டவர் என்று எண்பதில் செய்கிற சதாபிஷேகமும் கணக்குத்தான்: ஆயிரம் முழுநிலவுக்கு எண்பது ஆண்டும் பத்துத் திங்களும் ஆகும். கணக்கைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அறிவு வளர்ந்திருக்கும். கதையைச் சொல்லித் தட்சிணை வாங்கினார்கள். மணிவிழா மேடையிலே கிழவருக்கும் கிழவிக்கும் மீண்டும் தாலி கட்ட வைக்கும் இடங்களில், பெயரைத் தவிர வேறெதுவும் மாறவில்லை.

பெயர் மட்டும் மாறியதில் கொடியது எது என்று கேட்டால் மஞ்சள் நீராட்டு விழா என்பேன். ருது மங்கள ஸ்நானம் என்றிருந்தபோது, வீட்டுக்குள்ளே பெண்கள் கூடிச் செய்தார்கள். வடமொழித் திரையாவது இருந்தது. இன்று பூப்புனித நீராட்டு விழா என்ற நற்றமிழில், சாலை முக்கில் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் படம் போட்ட பேனர். தாய்மாமன் சீர் தட்டுத் தட்டாக ஊர்வலம் வருகிறது. உடலில் நேர்ந்த இயற்கையான மாற்றம் ஒன்றை ஊருக்கு அறிவிக்க அந்தச் சிறுமியிடம் யார் ஒப்புதல் கேட்டார்கள்? போட்ட மொய்யைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு வாய்ப்பு என்று தகப்பன் மெல்லச் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். மொய் என்ற சொல்லுக்குப் பழம்பொருள் திரண்ட கூட்டம். கூட்டம் கூடிக் கைகொடுப்பது என்றிருந்தது, இன்று நோட்டுப் புத்தகத்தில் ஏறிய கடன். தமிழ்ப்படுத்தியதில் நமக்கும் பங்கு உண்டு. அழகிய சொல்லைக் கொடுத்துவிட்டு, அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இருந்துவிட்டோம்.

திருப்பூரில் உழைக்கிறவனுக்கு நோம்பி என்றால் என்ன? போனஸ். பனியன் கம்பெனியில் கட்டிங்கிலும் செக்கிங்கிலும் ஓவர்லாக்கிலும் ஆண்டு முழுதும் நின்றவன், தீபாவளிக்கு முந்திய வாரம் வாங்குவது. அதை அவன் தீபாவளி போனஸ் என்பான். முதலாளி தருமம் செய்வதுபோல் கொடுப்பார். 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டத்திலோ தீபாவளி என்ற சொல்லே இல்லை. குறைந்த அளவு பின்னர் 8.33 விழுக்காடு என்று நிலைபெற்றது. பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு ஒரு திங்கள் ஊதியம். அது உரிமை, லட்சுமி தந்த வரம் அன்று. 2019இல் இயற்றிய ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்குள் அதுவும் இன்று அடங்கிவிட்டது. கான்ட்ராக்ட் என்றும் பீஸ் ரேட் என்றும் சொல்லித் தொழிலாளியின் பெயரையே ஏட்டில் ஏற்றாத இடங்களில், அந்த ஒரு திங்கள் ஊதியத்தை இனிப்புப் பெட்டி ஒன்று ஈடு செய்துவிடுகிறது.

இந்த வட்டாரத்து விழாச் சொற்களுள் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. சுமங்கலி. மங்கலச் சீர்களில் கை வைக்கத் தகுதி பெற்றவள் என்று மேலே கண்டோமே, அவளுக்கு வடமொழி இட்ட பெயர். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகள் சில அந்தப் பெயரில் ஒரு திட்டம் நடத்தின. சுமங்கலித் திட்டம்; மாங்கல்யத் திட்டம் என்றும் திருமகள் திருமணத் திட்டம் என்றும் சொல்வது உண்டு. தமிழ்ப் பெயரும் வைத்திருந்தார்கள், குறையே இல்லை!

திட்டம் இதுதான். ஏழைவீட்டுப் பெண்கள், பெரும்பாலும் தென்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட குடும்பங்களிலிருந்து, பதினான்கு பதினைந்து வயதிலேயே தரகர் வழியே வருவார்கள். மூன்றாண்டு ஆலையில் வேலை, ஆலை விடுதியில் வாழ்வு. நாளுக்குச் சிறு கூலி. மூன்றாண்டு முடிந்ததும் திருமணத்துக்காக என்று முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை மொத்தமாக. நோயினாலோ களைப்பினாலோ இடையிலே விட்டுப் போனவளுக்கு அந்தத் தொகை கிடைக்காமற் போவதும் உண்டு. பன்னிரண்டு மணிநேர வேலை, தன் விருப்பப்படி வாயிலைத் தாண்ட முடியாத விடுதி, எண்ணி அனுமதித்த தொலைபேசிப் பேச்சு என்பனவற்றைத் தொழிலாளர் அமைப்புகளும், 2011இல் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு வெளியிட்ட அறிக்கையும் உலகறியச் செய்தன. வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961இலேயே சட்டம் இருக்கிறது. கொத்தடிமை முறை ஒழிந்தது என்று 1976இல் சட்டம் வந்தது. வரதட்சணைக்காகக் கொத்தடிமையாவதற்கு மட்டும் மங்கலப் பெயர் சூட்டி நோட்டீசு அச்சடித்தார்கள். மொத்தமாகத் தந்த அந்தத் தொகை என்ன? அவளுடைய கூலியில் பிடித்து வைத்தது. அவளுக்கே உரியதை மூன்றாண்டு கழித்து அவளுக்குப் பரிசாகக் கொடுத்து, தாலிக்குப் பொன் என்றார்கள்.

ஐம்பதாம் ஆண்டில் கொம்பூதி அடிமையை வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்தக் கணக்கின்படி இந்தப் பெண்ணுக்கு விடுதலை மூன்றாம் ஆண்டில். அந்த மூன்று ஆண்டிலும் மூன்று தீபாவளி வந்து போகும். போனஸ் கேட்டால் என்ன? 1965ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளி யார் என்று வரையறுக்கும்போது, பயிற்சியாளர் நீங்கலாக என்றது. சுமங்கலித் திட்டத்தில் சேர்ந்தவளின் பெயருக்கு எதிரே ஆலையின் ஏட்டில் எழுதி வைத்திருந்த சொல், பயிற்சியாளர்.